நீல விளக்கு அணையாத காருக்கு எந்த ஒயில்?

கேள்வி: நான் நுவரெலியா நகருக்குப் பக்கத்தில் வசிக்கும் ஆசிரியை. 2008ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். ஆயிரம் சீசீ எஞ்சின், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. வீட்டிலிருந்து பாடசாலை நான்கு கிலோமீற்றர். காலையில் முழுக்க இறக்கம், பின்னேரம் ஏற்றம். இரண்டு மாதத்துக்கு ஒருதடவை வத்தளையில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போய் வருவோம். இதுவரை 20டபிள்யூ-50 ஒயில்தான் போட்டு வந்தேன். இலங்கை சூடான நாடு, தடிப்பான ஒயில்தான் எஞ்சினைக் காப்பாற்றும் என்பது அண்ணாவின் கட்சி. இங்குள்ள கராஜ்காரரோ, 5டபிள்யூ-30 என்றால் 5 பாகையிலிருந்து 30 பாகைவரை என்று அர்த்தம், நம்ம ஊருக்கென்றே செய்த ஒயில் அது என்கிறார். காரோடு வந்த ஜப்பானியக் கையேட்டில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்ற இரண்டு மட்டும்தான் எனக்கு வாசிக்க முடிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடிகள் டக்டக்கென்று சத்தம் வருகிறது. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் பால்கோப்பி நிறத்தில் களியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஹெட் கெஸ்கட் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டார். மீற்றர் போர்டில் ஒரு நீல விளக்கு பாடசாலை போய்ச் சேரும்வரை எரிகிறது. அது குளிருக்குத்தானே என்று விட்டுவிட்டேன். எந்த ஒயிலைப் போடுவது? மிஞ்சும் ஒயிலைத் தம்பியின் ஓட்டோவுக்கு ஊற்றலாமா?

பதில்: வணக்கம் டீச்சர்.

5டபிள்யூ-30 போடுங்கள். ஒயில் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நீல விளக்கைப் பற்றி, எனக்கு ஒயிலைவிட அதுதான் உறுத்துகிறது. அதற்கு வருகிறேன். முதலில் அண்ணாவையும் கராஜ்காரரையும் சமாதானப்படுத்திவிடுவோம், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது.

கராஜ்காரர் சொன்ன முடிவு சரி, சொன்ன காரணம் தவறு. ஒயில் கேனில் இருக்கும் இலக்கங்கள் ஊரின் வெப்பநிலை அல்ல. அவை எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் வகுத்த தரங்கள். டபிள்யூவுக்கு முன்னால் வரும் இலக்கம், கடுங்குளிரில் அந்த ஒயில் எவ்வளவு இளகி நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ என்றால் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையில் வைத்துச் சோதித்துத் தேறிய ஒயில். 10டபிள்யூவுக்கு அந்தச் சோதனை மைனஸ் 25இல், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20இல், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15இல் நடக்கும். பின்னால் வரும் இலக்கம் எஞ்சின் நன்றாகச் சூடாகிய பிறகு, 100 பாகையில், ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதைக் காட்டும். அந்தச் சூட்டில் 30 தரத்து ஒயிலின் பிசுக்குமை 9.3க்கும் 12.5க்கும் இடையில் இருக்கவேண்டும். 50 தரத்துக்கு 16.3க்கும் 21.9க்கும் இடையில். சென்டிஸ்டோக் என்ற அலகில் அளப்பார்கள், அந்தப் பெயர் ஞாபகத்தில் நிற்காவிட்டால் பரவாயில்லை. சூடான நிலையிலும் 50 தரம் 30 தரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடிப்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். தை, மாசியில் உங்கள் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகி, தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழும் காலையிலும் 20டபிள்யூ-50 ஒயில் உறையப்போவதில்லை. மைனஸ் 15 பாகை நுவரெலியாவுக்கு வரப்போவதுமில்லை. எஞ்சின் சுற்றும், ஸ்டார்ட் ஆகும். அண்ணா சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் ஸ்டார்ட் ஆவது ஒரு விஷயம், ஒயில் மேலே போய்ச் சேர்வது இன்னொரு விஷயம். இரவு முழுக்க நின்ற காரில் ஒயில் எல்லாம் அடியிலுள்ள சம்ப்பில் வடிந்து கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை இழுத்து, பில்டர் வழியாகத் தள்ளி, மெல்லிய துளைகளால் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் இருக்கும் இடம்வரை ஏற்றவேண்டும். குளிர்ந்த காலையில் கித்துள் பாணிப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கதைதான். 5 பாகையில் 20டபிள்யூ-50 ஒயில், 5டபிள்யூ-30ஐவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தடிப்பு. வத்தளையில் 30 பாகைச் சூட்டில் இருப்பதைவிட உங்கள் வீட்டு வாசலில் அதே 20டபிள்யூ-50 ஐந்து, ஆறு மடங்கு தடித்துக் கிடக்கிறது. அண்ணாவின் வாசலில் பெரிதாகத் தெரியாத வித்தியாசம் உங்கள் வாசலில் காதுக்கே கேட்கிறது. காலையில் சில வினாடிகள் வரும் டக்டக் சத்தம் பெரும்பாலும் இதுதான்: மேலே இருக்கும் பாகங்கள் ஒயில் வருவதற்குள் வெறுமையாகத் தட்டுகின்றன. உங்கள் எஞ்சினில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் விவிடி-ஐ அமைப்பு இருக்கிறது. அது ஒயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பதும் அந்த அழுத்தம்தான். ஆகவே ஒயில் பிந்தினால் இவையும் பிந்தும்.

சூடான நாடு என்ற வாதத்தையும் பார்ப்போம். எஞ்சின் ஒருமுறை சூடேறிவிட்டால், வெளியில் 10 பாகையா 32 பாகையா என்பது ஒயிலுக்கு அவ்வளவாகத் தெரியாது. எஞ்சினைக் குளிர்த்தும் நீரான கூலன்ட் 80, 90 பாகைக்கு மேல் நின்று எஞ்சினை ஒரே சூட்டில் பிடித்துக்கொள்ளும், ஒயிலும் அதை ஒட்டியே இருக்கும். அவிசாவளையின் வெக்கையில் கொஞ்சம் கூடும், கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஆட்களோடும் சாமான்களோடும் ஏறும்போது நூறைத் தாண்டும். அதற்கும் 30 தரம் தாங்கும். 150 பாகையில் கசக்கிப் பார்க்கும் சோதனை ஒன்றும் அந்தத் தரத்துக்குள் அடக்கம். இதே விட்ஸ் ஜப்பானில், குளிர்காலத்தில் மைனஸ் 20ஐத் தொடும் ஹொக்கைடோவிலும் ஓடுகிறது, 35 பாகையில் வேகும் டோக்கியோக் கோடையிலும் ஓடுகிறது. கையேடு ஒன்றுதான். வத்தளைக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணக்குக்குள் எப்போதோ அடங்கிவிட்டது.

20டபிள்யூ-50 பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அண்ணாவிடம் கேளுங்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிஜ் ஓடிய காலத்து வழக்கம் அது. அந்த எஞ்சின்களில் பெயாரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலான இடைவெளி கூட, அன்றைய ஒயில்களும் சூட்டில் சீக்கிரம் நீர்த்துவிடும். அப்போது தடிப்பு தேவைப்பட்டது. தோட்டத்துத் துரைமார் விட்டுப்போன பழைய லேண்ட் ரோவர் ஒன்றை யாராவது இன்றும் ஓட்டினால், அதற்கு நானே 20டபிள்யூ-50தான் போடுவேன். உங்கள் மூன்று சிலிண்டர் எஞ்சின் அந்த வம்சம் இல்லை. அதன் இடைவெளிகள் மெல்லிய ஒயிலுக்காகவே கணக்குப் போட்டுக் கடையப்பட்டவை. அதில் கெட்டி ஒயில் ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை. பெற்றோல் கூடக் குடிக்கும், காலைத் தேய்மானமும் கூடும்.

சரி, 0டபிள்யூ-20 என்றும் கையேட்டில் இருக்கிறதே, ஏன் அதைச் சொல்லவில்லை? போடலாம், தவறில்லை. எஞ்சின் புதிதாக இருந்து ஒயில் குடிக்காமல் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஓடிய எஞ்சின், வருடத்தில் சில தடவை மட்டும் நீண்ட ஏற்றம், மற்ற நாளெல்லாம் குளிர்ந்த குட்டிப் பயணம். பெற்றோல் கலந்து ஒயில் கொஞ்சம் நீர்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கூட. அதனால் 20 தரத்தைவிட 30இல் ஒரு கைப்பிடி கூடுதலாக இருக்கட்டும் என்பது என் கணிப்பு. கையேடு இரண்டையும் அனுமதிக்கும்போது இப்படித் தெரிவுசெய்யும் சுதந்திரம் இருக்கிறது. கையேட்டில் இல்லாத 20டபிள்யூ-50க்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

இப்போது நீல விளக்கு.

விட்ஸில் சூடு காட்டும் முள் கிடையாது. அதற்குப் பதில் இரண்டு விளக்கு: எஞ்சின் இன்னும் குளிர் என்றால் நீலம், கொதிக்கிறது என்றால் சிவப்பு. சிவப்புக்குப் பயப்படுகிறோம், நீலத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை. உங்கள் காலைப் பயணம் முழுக்க இறக்கம் என்பதால் எஞ்சினுக்கு வேலையே இல்லை. அக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது பெற்றோல்கூட உள்ளே போகாது. எனவே காலையில் மட்டும் நான்கு கிலோமீற்றரும் நீலம் எரிந்தால் அது முற்றிலும் அசாதாரணம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் பார்க்கவேண்டியது பின்னேரத்தை. பாடசாலை விட்டு ஏறும்போது ஒன்று, இரண்டு கிலோமீற்றருக்குள் அது அணைய வேண்டும். ஏற்றத்திலும் வீட்டு வாசல்வரை எரிந்தால் கோளாறு இருக்கிறது. இன்னொரு அடையாளம், கொழும்புக்கு இறங்கும்போது ஹட்டன் தாண்டி நீண்ட இறக்கத்தில் அணைந்த விளக்கு மறுபடி எரிகிறதா என்பது. ஹீற்றரைப் போட்டால் பத்து நிமிடம் ஓடிய பிறகும் வெதுவெதுப்புக்கு மேல் போகாவிட்டால் அதுவும் ஓர் அடையாளம்.

இவற்றில் எதற்காவது ஆம் என்றால், உங்கள் காரில் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட்டே இல்லை. இரண்டாவதற்குத்தான் வாய்ப்புக் கூட என்று என் மனம் சொல்கிறது. கார் கொழும்புப் பக்கம் யாரிடமிருந்தாவது கைமாறி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு பழைய கைவைத்தியம் உண்டு: எஞ்சின் ஒருதடவை கொதித்துவிட்டால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு, இனித் தண்ணீர் தாராளமாக ஓடும் என்று சொல்லி அனுப்புவார்கள். கொழும்பு நெரிசலில் அந்தக் காருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே கார் 1,868 மீற்றர் உயரத்துக்கு, சராசரி 16 பாகைக் குளிருக்கு வந்தால் எஞ்சினுக்குச் சூடு பிடிக்கவே பிடிக்காது. தெர்மோஸ்டாட்டின் வேலையே, தண்ணீர் 80 பாகையைத் தாண்டும்வரை றேடியேற்றர் பக்கம் போகவிடாமல் தடுத்து வைப்பதுதானே. அந்தக் கதவு இல்லையென்றால், ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்து நுவரெலியாக் காற்று உங்கள் எஞ்சினைக் குளிர்த்திக்கொண்டே இருக்கும்.

கராஜில் இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. இரவு நின்ற காரை ஸ்டார்ட் செய்து, றேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அவ்வப்போது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் எஞ்சின் சூடாகும்வரை கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கும், பிறகு திடீரென்று சூடு பாயும். ஆரம்பத்திலிருந்தே இரண்டும் சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் முடிவு தெரிந்துவிட்டது. விசிறியிலும் பெல்ட்டிலும் கை படக்கூடாது. ஆகவே இது மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். புதிய தெர்மோஸ்டாட் போடும்போது கூலன்டையும் மாற்றிவிடுங்கள். பைப் தண்ணீர் வேண்டாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும்; கூலன்டும், அழுத்தம் பிடிக்கும் நல்ல றேடியேற்றர் மூடியும் இருந்தால்தான் கொதிநிலை மேலே நிற்கும். மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பால்கோப்பிக் களி. இது நீல விளக்கின் தம்பி. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நம்புவதற்குக் கஷ்டம், ஆனால் குளிர்காலையில் சைலென்சரிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தால் நம்புவீர்கள். அதில் பெரும்பங்கு புகையோடு வெளியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே சம்ப்புக்குள் இறங்கும். எஞ்சின் தினமும் அரை மணி நேரமாவது சூடாக ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி, சம்ப்பிலுள்ள ஆவியை வெளியே எடுக்கும் பிசிவி வால்வு வழியாக இழுபட்டு மறுபடி எரிந்துவிடும். நான்கு கிலோமீற்றரில் நிறுத்தினால் அது எங்கே போகும்? எஞ்சினில் ஆகக் குளிரான இடத்தைத் தேடிப் படியும். அந்த இடம் ஒயில் மூடியின் உள்பக்கம். அங்கே ஒயிலோடு சேர்ந்து நுரைத்துக் களியாகிறது. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்திலிருந்து வரும் கார்களில், அதிலும் பாடசாலைக்கும் கந்தோருக்கும் மட்டும் போய்வரும் கார்களில், இந்தக் களி சர்வசாதாரணம்.

கூலன்ட் ஒயிலோடு கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கெஸ்கட் போனாலும் இதே நிறக் களி வரும், பயமுறுத்தியவர் அதைத்தான் நினைத்தார். வேறுபடுத்திப் பார்க்க, ஒயில் மட்டம் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுங்கள். டிப்ஸ்டிக்கில் ஒயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ தெளிவாக இருந்து, மூடியில் மட்டும் களி என்றால் அது குளிர் ஈரம். டிப்ஸ்டிக்கிலேயே பால்கோப்பி என்றால், ஒயில் மட்டம் தானாக ஏறியிருந்தால், றேடியேற்றர் டாங்கியில் கூலன்ட் வாரத்துக்கு வாரம் குறைந்தால், எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாசத்தோடு வந்தால், அப்போது காரை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்தாவது கராஜுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே எஞ்சினை இறக்கும் பேச்சுக்கு இப்போதைக்கு இடமில்லை. மூடியைப் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வரவேண்டும், வராவிட்டால் அடைபட்டிருக்கிறது.

டிப்ஸ்டிக் என்றதும் ஒன்று. மலைநாட்டில் சமதரை கிடைப்பது கஷ்டம். மூக்குக் கீழே சாய்ந்து நிற்கும் காரில் டிப்ஸ்டிக் ஒரு கணக்குச் சொல்லும், பின்பக்கம் சாய்ந்தால் வேறொரு கணக்குச் சொல்லும். வீட்டு வாசலில் அளந்துவிட்டு ஒயில் குறைந்துவிட்டது என்று ஊற்றி, அளவுக்கு மிஞ்சி நிரப்பி வருகிறவர்கள் கொஞ்சப்பேர் அல்ல. பெற்றோல் அடிக்கும் செட்டின் தளம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சமதரை. பெற்றோல் அடித்த பிறகு ஓரமாக விட்டு, எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மாதம் ஒருதடவை போதும்.

குளிர்காலையில் காரை வாசலில் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் வைத்துச் சூடாக்கும் வழக்கம் உங்கள் பக்கம் நிறைய. வேண்டாம். சும்மா நிற்கும் எஞ்சின் மெல்லத்தான் சூடாகும். அதுவரை கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலில் போய்ச் சேரும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெற்றோல் மணக்கும் கார்களின் கதை பாதிக்குப் பாதி இதுதான். அரை நிமிடம் விட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் இரண்டு கிலோமீற்றருக்கு அக்சிலேட்டரை மிதிக்காமல் போனால் சரி. அதோடு வாரத்தில் ஒருநாள் காருக்கு வேலை கொடுங்கள். சனிக்கிழமை தலவாக்கலைவரை இறங்கித் திரும்பி ஏறினாலே போதும், அந்த ஏற்றத்தின் சூட்டில் ஒரு வாரத்து ஈரம் போய்விடும். உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆயிரம் சீசீ எஞ்சின் மூச்சுவாங்குவது போலத் தெரிந்தால் அது ஒயிலின் குற்றமல்ல.

மாற்றும் முறை பற்றிச் சில வார்த்தை. கையேட்டில் எவ்வளவு கிலோமீற்றர் போட்டிருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான் முதலில் வரும். கிலோமீற்றர் ஓடவில்லையே என்று ஒயிலை ஒன்றரை வருடம் விட்டுவைப்பதுதான் குட்டிப் பயணக் கார்களுக்கு நடக்கும் மிகப் பெரிய அநியாயம். இந்த முதல் தடவை மட்டும் 2,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுங்கள். பழைய தடித்த ஒயிலின் மிச்சமும் களியும் புது ஒயிலில் கரைந்து வெளியே வரட்டும். ஒயில் சீக்கிரம் கறுத்துவிட்டதே என்று பயப்படாதீர்கள், அழுக்கை அது தூக்கிக்கொள்கிறது என்பதற்கு அடையாளம் அது. எஞ்சினைக் கழுவுகிறோம் என்று மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்ற யாராவது வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். பில்டரை ஒவ்வொரு தடவையும் மாற்றவேண்டும். கியர்பெட்டிக்குப் போடும் ஒயில் முற்றிலும் வேறு, அதில் யாரும் எஞ்சின் ஒயிலை ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பனி என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கம்பனியைவிட கேனின் பின்பக்கம் முக்கியம். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் வட்ட முத்திரையைத் தேடுங்கள். வட்டத்தின் நடுவில் 5டபிள்யூ-30 என்றும், மேல்வளைவில் எஸ்பி என்றும் இருக்கவேண்டும். எஸ்பி 2020இல் வந்த தரம். அதற்கு முந்திய, 2010இல் வந்த எஸ்என் இருந்தாலும் 2008ஆம் ஆண்டுக் காருக்குத் தாராளம். முழு சிந்தெடிக் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் செமி சிந்தெடிக் போதும்; ஆறு மாதத்தில் வடிக்கப்போகும் ஒயிலுக்கு அதற்கு மேல் செலவழிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சீல் உடையாத கேன், தெரிந்த கடை, கண்முன்னால் திறந்து ஊற்றுவது, இந்த மூன்றிலும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஒயிலில் எந்த இலக்கம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மெல்லிய ஒயிலுக்கு மாறிய பிறகு இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நீண்ட இறக்கம். றம்பொடைப் பக்கமோ கினிகத்தேனைப் பக்கமோ கியரை இறக்கி எஞ்சின் பிரேக்கில் வரும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் கூடும். வால்வு சீல் காய்ந்த எஞ்சினில் ஒயில் அந்த வழியாக உள்ளே இழுபடும். அடிவாரத்தில் மறுபடி அக்சிலேட்டர் கொடுக்கும்போது பின்னால் நீலப் புகை ஒரு குப்பென்று போனால் அதுதான் காரணம். எஞ்சின் பிரேக்கை அதற்காக நிறுத்திவிடாதீர்கள், பிரேக் எரிவதைவிடக் குப்பென்று போகும் கொஞ்சப் புகை மேல். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றருக்கு மேல் ஒயில் குறைந்தால் மட்டும் 5டபிள்யூ-40க்கு ஒரு படி ஏறலாம். அப்போதும் முன் இலக்கத்தை 5இலேயே வையுங்கள், உங்கள் காலைக்கு அதுதான் முக்கியம். இரண்டு, நன்றாகச் சூடான எஞ்சின் சும்மா நிற்கும்போது சிவப்பு ஒயில் விளக்கு மினுக்கினால், இது பழைய தடிப்பு ஒயில் மறைத்து வைத்திருந்த தேய்மானம். அப்போது அழுத்தத்தை கேஜ் போட்டு அளக்கவேண்டும், திரும்பவும் 20டபிள்யூ-50 ஊற்றி விளக்கை அணைத்துவிட்டால் வைத்தியம் முடிந்ததாக ஆகாது.

உங்கள் பக்கத்து வீட்டில் டொல்பின் வேன் இருந்தால் இந்தப் பதிலை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பழைய டீசலுக்கு 15டபிள்யூ-40, ஏபிஐயின் டீசல் தரமான சிஐ-4 சரியாகப் போகும். அக்குவா மாதிரி ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் 0டபிள்யூ-20ஐ விட்டு விலகவே வேண்டாம். அந்த எஞ்சின் ஓடும் வழியிலேயே நின்று நின்று ஸ்டார்ட் ஆகிறது, குளிர்ந்து குளிர்ந்து சூடாகிறது.

கடைசியாகத் தம்பியின் ஓட்டோ. உங்கள் எஞ்சினுக்கு மூன்று லீற்றரும் கொஞ்சமும்தான் பிடிக்கும். நான்கு லீற்றர் கேன் வாங்கினால் முக்கால் லீற்றரளவில் மிஞ்சும். அதை ஓட்டோவுக்கு ஊற்றக்கூடாது. போர் ஸ்ட்ரோக் ஓட்டோக்களில் கிளச் பிளேட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே நனைந்து கிடக்கின்றன. காருக்கான மெல்லிய ஒயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது காருக்கு நல்லது, ஓட்டோவின் கிளச்சை வழுக்கச் செய்துவிடும், அதுவும் ஆளேற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது. ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ பொறித்த 20டபிள்யூ-50ஐத் தம்பியை வாங்கச் சொல்லுங்கள். அண்ணாவுக்குப் பிடித்த இலக்கம் அந்த வண்டிக்குத்தான் பொருந்துகிறது. உங்கள் மிச்சத்தை மூடியை இறுக்கி, ஈரம் படாத இடத்தில் வைத்துக்கொண்டால், வத்தளைக்குக் கிளம்பும் முன் மட்டம் குறைந்திருந்தால் ஊற்ற உதவும்.